எதிர்ப்பக்கம் நடக்கிறவன்

அவனைப் பத்தியாங்க கேக்கறீங்க? நாம இந்தப் பக்கமாப் போகையில எதிர்ல வர்றானே, நீல பனியன், ஒரு காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு, அவனைத்தானே? கேப்பீங்கன்னு தெரியும். புதுசா வர்றவங்க எல்லாரும் மொத நாளே கேக்கற கேள்விதான். சொல்றேன், நடந்துட்டே பேசலாம் வாங்க. நிக்காதீங்க சார். நம்ம கிளப்புல நிக்கற பழக்கமே கெடையாது.

நான் காளியண்ணன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மோட்டார் பம்ப் கடை வச்சிருக்கேன். இந்த மேட்டுப்பாளையத்துல, இந்த கிரவுண்டுல, வாக்கர்ஸ் கிளப்னு ஒண்ணை ஆரம்பிச்சதே நான்தானுங்க. தலைவரும் நான்தான். பேங்குக்குப் புது மேனேஜர் மாத்தலாகி வந்திருக்கறார்னு நேத்தே காதுக்கு வந்துருச்சு. நல்லதாப் போச்சு, என்கூடவே நடங்க. அந்தக் கூட்டத்துப் பக்கம் போனீங்கன்னா வேற கதை சொல்லுவாங்க. அவன் சொல்ல மாட்டான். அவன் வாயைத் திறந்தாத்தானே. அவனுக்கு ஆதரவா கொஞ்சம் பேர் கெளம்பியிருக்கறாங்க பாருங்க, அவங்க சொல்லுவாங்க.

இருங்க, வர்றான். பேசாதீங்க.

பார்த்தீங்களா? காம்பவுண்டுச் செவுத்தைப் பார்த்துட்டே போறான். அந்தச் செவுத்துல என்ன இருக்குது? கிழிஞ்ச டியூசன் நோட்டீஸ். அதைப் பார்ப்பானாம், என் மூஞ்சியைப் பார்க்க மாட்டானாம். அவன் அந்தப் பக்கமாச் சுத்தறான், நான் இந்தப் பக்கமாச் சுத்தறேன், ஒரு ரவுண்டுக்கு ரெண்டு தடவை நேருக்கு நேரா வந்து தொலைக்கணும். தெனமும் காத்தால எந்திரிச்சு உடம்புக்கு நல்லதுன்னு வந்தா, ரத்தக் கொதிப்புத்தான் ஏறுது. வேணும்னே பண்றான் சார். நடக்கறதுக்கு இந்த ஊர்ல வேற எடமா இல்ல? ஆத்துப் பாலத்துப் பக்கம் போயி நடக்கட்டுமே. போக மாட்டான். இங்கதான் வருவான். நான் வர்ற அதே நேரத்துக்கு வருவான். வந்து எதிர்ல நடப்பான்.

கோயில்ல எப்படிங்க சுத்துவோம்? வலமாத்தானே? அவன் சுத்தறது எழவு வீட்டுச் சுத்து. அதைச் சொல்லித்தான் கேட் பக்கத்துல போர்டு வச்சேன், பார்த்திருப்பீங்க, ‘அனைவரும் வலமாக நடக்கவும், இப்படிக்குத் தலைவர்’னு. என் சொந்தச் செலவு. வச்ச மக்யாநாளே வந்து அந்த போர்டுல சாய்ஞ்சு நின்னு ஷூவுல இருந்த கல்லைத் தட்டிட்டு, எடமாவே நடந்து போனான்.

பேரு நாச்சிமுத்து. மருந்துக் கடை வச்சிருந்தான், இப்ப மகன் பார்த்துக்கறான். வேத்தாளுன்னு நெனச்சுக்காதீங்க. நானும் அவனும் ஒண்ணா நடக்க ஆரம்பிச்சப்ப எங்க பிள்ளைங்க டவுசர் போட்டுட்டுத் திரிஞ்சாங்க. என் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தவன் சார் அவன். எங்கம்மா செத்தப்ப, என் தம்பி துபாயிலிருந்து வந்து சேரலைன்னு, பாடைக்கு ஒரு பக்கம் தோள் குடுத்தவன். அப்படிப்பட்டவன் ஒரு சின்ன விசயத்துக்கு, ஒரே ஒரு நாள் விசயத்துக்கு, இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா எரியுமா எரியாதா நீங்களே சொல்லுங்க.

என்ன விசயமா? அதா, அந்த மலைதான்.

தெனம் இந்த மலையைப் பார்த்துட்டேதான் நடக்கறோம். போன புரட்டாசியில, ஒரு வெள்ளிக்கிழமை, நடந்து முடிச்சுட்டு அந்த கேட்டுக்கு வெளிய டீக்கடையில உக்காந்திருந்தோம். அருகம்புல் சாறு குடிச்சாச்சு, அதுக்கு மேல ஆளுக்கு ரெண்டு போண்டாவும் ஆச்சு. எங்ககூட வெங்கிடுபதின்னு ஒருத்தன், ஜவுளிக்கடைக்காரன், அவன் சொன்னான், ஊட்டியைத் தாண்டி மேல நெடுஞ்சோலை ஏரின்னு ஒண்ணு இருக்குது, ரோடு கெடையாது, காட்டுக்குள்ள நடந்துதான் போகணும், என் மச்சினன் போயிட்டு வந்து போட்டோ போட்டிருக்கான்னு. நான் உடனே சொன்னேன், நாளைக்கே போறோம். யோசிச்சா எதுவும் நடக்காது சார். யோசிக்கறவன் வீட்டுல படுத்திருக்க வேண்டியதுதான். தெனம் ஆறு ரவுண்டு போறவனுக்கு அந்த மலையெல்லாம் என்னங்க?

நாச்சிமுத்துதான் இழுத்தான். நாளைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை, காரமடைக் கோயிலுக்குப் போறதா சரோஜினிகிட்டச் சொல்லியிருக்கேன்னான். சரோஜினி அவன் சம்சாரம். நான் என்ன சொன்னேன்? சும்மா வெளையாட்டுக்கு, சீலை கட்டிட்டு அவங்க பின்னாலயே போடான்னு சொன்னேன். டீக்கடையில எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். சிரிச்சுட்டு வர்றேன்னான். இழுத்துட்டுப் போனேன்னு இப்ப சொல்றாங்களே, கையைப் புடிச்சா இழுத்தேன்? அவனா வர்றேன்னு சொன்னானுங்க.

விடியறதுக்கு முந்தியே வெங்கிடுபதி கார்ல கெளம்பியாச்சு. சரோஜினி எந்திரிச்சு எங்க மூணு பேருக்கும் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் பண்ணி ஒரு பையில வச்சுக் குடுத்திருந்தாங்க. அந்தப் பை நாச்சிமுத்து தோள்ல. அதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க, ஏன்னா அன்னைக்கு முழுக்கப் பட்டினி கெடந்தது நானும் வெங்கிடுபதியும். அதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க.

மேல செக்போஸ்ட்டுல அனுமதி வாங்கினோம். வழி காட்டறதுக்கு ஜோகின்னு ஒருத்தரை அனுப்பினாங்க. அந்த ஊர்க்காரர். அவரு மொதல்லயே சொன்னார், மூணு பேரும் ஒருத்தர் கண்ணுக்கு ஒருத்தர் தெரியற மாதிரி வாங்கன்னு. சரிங்கன்னு சொன்னேன். ஆனா பாருங்க, அவங்களுக்கு நம்ம முறை தெரியாது.

நம்ம முறை என்னன்னு உங்களுக்கும் சொல்லணும். இங்க யாரும் யாருக்காகவும் நிக்கறதில்ல. நின்னா மூச்சு மாறும், வேர்வை அடங்கிரும், நடந்த நடை பூராவும் வீண். ஒருத்தன் மெதுவாப் போறானா, போகட்டும். முன்னால போறவன் ஒரு ரவுண்டு சுத்தி வந்தா அவனைப் புடிச்சுரலாம். அப்பறம் கொஞ்ச தூரம் பேசிட்டே சேர்ந்து போறது, மறுபடி பிரியறது. நாச்சிமுத்து ஆரம்பத்திலிருந்தே மெதுவாத்தான் நடப்பான். இந்த கிரவுண்டுல அவனை நான் விட்டுட்டுப் போகாத நாளே இல்ல. ஒரு நாளாவது கோவிச்சுக்கிட்டானா? இல்ல. ஏன்னா இங்க அது விட்டுட்டுப் போறது இல்லீங்க. எங்க போயிரப் போறோம், சுத்தி வந்தா எதிர்ல நிக்கப் போறான்.

அங்கயும் அப்படித்தான் நடந்தேன். மேல ஏறி முடிச்சதும் புல்வெளி, அதுக்கப்பறம் சோலைக் காடு, ஒத்தையடிப் பாதை. எனக்கு அன்னைக்கு என்னமோ கால் பறந்துது. ஜோகியையே விரட்டறேன், அவரு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கறார். மூணாவது ஆளு எங்கன்னு கேட்டார். அவன் மெதுவா வருவானுங்க, தெனமும் இப்படித்தான், வந்துருவான்னு சொன்னேன். கொஞ்ச தூரம் போயி மறுபடி கேட்டார். எனக்குக் கோபம் வந்துருச்சு. எத்தனை வருசமாத் தெரியும் எனக்கு அவனை, இவரு என்னமோ அவனைப் பெத்தவர் மாதிரி கேக்கறாரேன்னு. நீங்க வழியைப் பாருங்கன்னு சொன்னேன்.

பின்னால கூப்புட்ட மாதிரி இருந்துச்சு. காளி, காளின்னு. இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அவன் எப்பவுமே கூப்புடறவன்தான் சார். இங்கயே அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட வந்தா, காளி, கொஞ்சம் மெதுவாப் போடான்னு கத்துவான். நான் கையைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டே இருப்பேன். அங்கயும் கையைத் தூக்கிக் காட்டினேன். அவன் பார்த்திருக்க மாட்டான், பனி எறங்கிருச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?

ஏரி பார்த்தோம். தண்ணின்னா தண்ணி, அப்படி ஒரு தண்ணி. அந்த உசரத்துல, சுத்தியும் காடு, நடுவுல அவ்வளவு பெரிய தண்ணி அசையாமக் கெடக்குது. எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு, உண்மையைச் சொல்றேன். நானும் வெங்கிடுபதியும் கரையில நின்னோம், ஜோகி போட்டோ எடுத்தார். கரையில ஒரு மூலையில டவர் கெடைச்சுது. ‘நெடுஞ்சோலை ஏரியை வென்றது நமது கிளப்’னு எழுதி, வீட்டுப் பொம்பளைங்களும் இருக்கற கிளப் வாட்ஸப் குரூப்புல போட்டேன். கை தட்டற படமா வந்து குமிஞ்சுது.

போட்ட கையோட சரோஜினி போன் பண்றாங்க. ஏனுங்கண்ணா, போட்டோவுல ரெண்டு பேர்தான் இருக்கறீங்க, எங்க வீட்டுக்காரரு எங்கீங்கன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், போட்டோ எடுத்ததே அவன்தானேம்மான்னு.

ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க? பொம்பளைங்களை எதுக்கு வீணாப் பயப்படுத்தணும்? பின்னாலதான் வந்துட்டிருக்கான், இப்ப வந்துருவான், வந்ததும் பேசச் சொன்னாப் போச்சு. நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டு மக்யாநாளு அந்தம்மா நடு வீதியில நின்னு என்னைக் கேட்டாங்க பாருங்க. ‘நான் சாமி படத்துக்கு வெளக்குப் போட்டுட்டு நிம்மதியா உக்காந்திருந்தனேண்ணா, அந்த நேரத்துல அவரு அங்க தனியாக் கெடந்திருக்காரே’ன்னாங்க. நிம்மதியா இருந்தீங்கல்ல, அதுக்குத்தாம்மா சொன்னேன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. அவ்வளவு மரியாதை எனக்குத் தெரியும்.

போனை வச்சதும் ஜோகி என்னை ஒரு பார்வை பார்த்தார். நீங்க ரெண்டு பேரும் இந்த எடத்தை விட்டு அசையக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்த வழியே ஓடினார். அசையாம உக்காந்திருந்தோம். பனின்னா கையை நீட்டினாக் கை தெரியலை. வெங்கிடுபதி அழுக ஆரம்பிச்சுட்டான். எனக்கு வவுறு பசியில கிள்ளுது, ஆத்திரம் ஆத்திரமா வருது. சோத்தையும் தூக்கிட்டு எங்கடா போயித் தொலைஞ்சேன்னு. ஒரு ஆளுக்குப் பாதையைப் பார்த்து நடக்கத் தெரியாதுங்களா? ஒத்தையடிப் பாதைதானே? நேரா வர வேண்டியதுதானே?

நேரா வரலை. பாதை பிரியற எடத்துல பனிக்குள்ள கீழ்ப்பக்கம் எறங்கிட்டான். ஈரப் பாறையில வழுக்கி மூட்டு திரும்பிருச்சு. எந்திரிக்க முடியலை. கொஞ்ச நேரத்துல காட்டெருமைக் கூட்டம் வந்து சுத்தியும் மேயுதாம். மூச்சு விடற சத்தம் கேக்குதாம், உருவம் தெரியலையாம். கத்துனா மெரண்டு பாயும்னு, அதுவரைக்கும் கத்திட்டிருந்தவன் வாயைப் பொத்திக்கிட்டு, அந்தச் சோத்துப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்திருக்கான். இதெல்லாம் ஜோகி சொல்லித்தான் தெரியும். அவன் எங்க சொன்னான்?

ஜோகி அவனைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தார். பார்த்தேன். உதடெல்லாம் நீலம். பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு உசுரு அப்பத்தான் திரும்பி வந்துச்சு. நானும் அவனும் வெளையாட்டாப் பேசியே பழகினவங்க. அதனால கேட்டேன், ஏண்டா, சோறு எங்கடான்னு.

சிரிப்பான்னு நெனச்சேன். பையைக் கழட்டி என் கையில குடுத்தான்.

இருங்க. மறுபடி வர்றான். இந்தத் தடவை என் மூஞ்சியைப் பாருங்க, நானும் பார்க்க மாட்டேன். எனக்கு மட்டும் ரோசம் இல்லையா?

போயிட்டானா? சரி. இன்னைக்கு ரொம்பச் சாய்ச்சுப் போறான். மழை நாள்னா மூட்டு இழுக்கும் போல.

கார்ல வர்றப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டான். கோத்தகிரி தாண்டுற வரைக்கும் கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தவன் திடீர்னு கேக்கறான், ‘நான் கூப்புட்டது உனக்குக் கேட்டுதா காளி?’ன்னு. நான் உள்ளதைச் சொல்றவன். கேட்டுதுடா, ஆனா நடக்கறப்ப நிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதான்னு சொன்னேன். அவ்வளவுதான். அதுக்கப்பறம் இன்னைக்கு வரைக்கும் அவன் வாயிலிருந்து எனக்குன்னு ஒரு சொல்லு வரலை. கேக்கலைன்னு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லலையே. உண்மை பேசினதுக்குத்தான் சார் எனக்கு இந்தத் தண்டனை.

நான் போகாம இல்லீங்க. ஒண்ணு ரெண்டு தடவை அவன் வீட்டு முன்னால வண்டியை நிறுத்தி ஹாரன் அடிச்சேன். அவன் ஜன்னலோரத்துலதான் உக்காந்திருந்தான், காலை ஸ்டூல்ல நீட்டிட்டு. வெளிய வரலை. வர முடியாதுதான், கட்டுப் போட்டிருந்தாங்க. ஆனா கையாவது காட்டலாமில்ல? எறங்கி உள்ள போயிருக்கலாமேன்னு வெங்கிடுபதி சொல்றான். எறங்கிப் போனா நான் என்னமோ தப்புப் பண்ணினதா ஆகிராதுங்களா? அந்த வெங்கிடுபதியும் இப்ப அவன் பக்கம்தான். அதா போறான் பாருங்க, வெள்ளைத் தொப்பி. ஏரிக்கு யோசனை சொன்னதே அவன். அவனுக்கு மன்னிப்பு உண்டு, எனக்குக் கெடையாது.

கட்டுப் பிரிச்சு அவன் மறுபடியும் கிரவுண்டுக்கு வந்த அன்னைக்கு எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? கேட்டுல அவனைப் பார்த்ததும் நான் ஒண்ணும் சொல்லலை, கண்டுக்காத மாதிரி நடக்க ஆரம்பிச்சேன். சுத்தி வந்தா முன்னால போயிட்டிருப்பான், புடிச்சுக்கலாம், ரெண்டு பேச்சுப் பேசினா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன். வேகமா ஒரு சுத்துச் சுத்தி வர்றேன், பார்த்தா எதிர்ல வர்றான். செவுத்தைப் பார்த்துட்டு. அன்னைக்கு ஆரம்பிச்சது. வருசம் திரும்பப் போகுது. எத்தனை பேர் அவனோட சேர்ந்துட்டாங்கன்னு பாருங்க. இந்தப் பக்கம் என்கூட யாரு இருக்கறாங்க? நீங்க இருக்கறீங்க, அதுவும் இன்னைக்கு மொத நாளு.

எனக்குக் கோபமே அதுதான் சார். அவன் வந்து நாலு அறை விட்டிருந்தா வாங்கிட்டிருப்பேன். நடுத்தெருவுல வச்சுக் கெட்ட வார்த்தையில திட்டியிருந்தா, போடான்னு நானும் திட்டிட்டு மக்யாநாளு போண்டா தின்னிருப்போம். இப்படிப் பேசாம, தெனமும் என் கண்ணு முன்னால அந்தக் காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்து காட்டறானே, இது என்ன மனுசத்தனம்? வீட்டுக்குப் போனா என் சம்சாரம் கேக்கறா, இன்னைக்கு அண்ணன் பேசினாரான்னு. தெனம் கேக்கறா. இட்லித் தட்டை வச்சுட்டுக் கேக்கறா. எனக்கு எறங்க மாட்டேங்குது.

என்னங்க திரும்பித் திரும்பிப் பார்க்கறீங்க? நேராப் பார்த்து நடங்க சார்.

என்னது? நின்னுட்டானா? நிக்கட்டும். கூடைப்பந்துக் கம்பியைப் புடிச்சுட்டு நிக்கறானா? அப்படித்தான் சித்த நின்னுட்டு வருவான். நீங்க வாங்க, சுத்தி வந்தா எதிர்லதான் இருப்பான்.

சார், எங்க போறீங்க? புதுசுங்கறதால தெரியலை உங்களுக்கு, இங்க யாரும் யாருக்காகவும் அப்படிப் போறதில்லீங்க. அவன் ஆளுங்க பின்னால வருவாங்க, பார்த்துக்குவாங்க. சொன்னாக் கேளுங்க.

சரி, போங்க. போறதுன்னா போங்க. உங்க இஷ்டம். ஒண்ணு பண்ணுங்க, மூட்டு எப்படி இருக்குதுன்னு கேளுங்க. கோயமுத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச எலும்பு டாக்டர் ஒருத்தர் இருக்கறார், வேணும்னா நான் பேசி வைக்கறேன். நான் சொன்னதாச் சொல்லாதீங்க. நீங்களாக் கேக்கற மாதிரி கேளுங்க.

நான் இங்கயே இருக்கறேன்.

நிமுந்துட்டான் பாருங்க. ஒண்ணுமில்ல அவனுக்கு. தண்ணி குடிக்கறான். உங்க பாட்டிலா அது? குடுங்க, குடுங்க. சரி, குடிச்சாச்சில்ல, வந்துருங்க சார். நம்ம ரவுண்டு பாக்கி இருக்குது. சார்?

அட, தோளைப் புடிச்சுட்டு நடக்க வேற ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பக்கமா. ஏனுங்க சார், இப்படித்தான் வரணும், வலமாத்தான் சுத்தணும். சித்த நில்லுங்க. காதுல விழுகலையா? விழுந்திருக்கும். இத்தனை கிட்டத்துல இருந்துட்டு விழுகாம எப்படி இருக்கும்.

நாச்சிமுத்து.

டேய் நாச்சி, சித்த நில்லுடா. நானும் வர்றேன்.